முப்பது டிகிரி பலராமன்

தந்தையும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, தேநீரைக் கொட்டியது.

ஒரு தடவை அல்ல, பதினோரு தடவை. பாகூரிலிருந்து சோரியாங்குப்பம் போகிற சாலையில், பலராமன் வெல்டிங் பட்டறைக்கு முன்னால் ஒரு விமானம் நின்றுகொண்டிருந்தது. டிராக்டர் டிரெய்லரின் மேல் இரும்புக் குழாயும் தகரமும் வைத்துக் கட்டிய விமானம். மூக்கிலிருந்து வால்வரை பதினெட்டு அடி. இறக்கையின் முனைக்கு முனை பதினான்கு அடி. நடுவில் ஒரு பீடம். பீடத்தின் மேல் எவர்சில்வர் தம்ளர், அதில் விளிம்புவரை தேநீர். புவனேஸ்வரி குனிந்து தம்ளரைப் பிடித்துக்கொள்வாள். பின்னால் நின்று பலராமன் ஓர் இரும்புத் தடியை இழுப்பார். விமானம் இடப்பக்கம் சாயும். தேநீர் அவள் கையில் கொட்டும்.

"கொட்டிச்சா?"

"கொட்டிச்சிப்பா."

"ப்ளேன்ல கொட்டாதுன்னு நீதான சொன்ன?"

"ப்ளேன்ல கொட்டாது. இது டிராக்டர்."

"டிராக்டர் மேல இருக்கிற ப்ளேன்" என்று திருத்தினார் பலராமன். "இன்னொரு தம்ளர் ஊத்து."

பன்னிரண்டாவது தம்ளருக்குப் பால் இல்லை. வேலை அத்துடன் நின்றது.

புவனேஸ்வரி பெங்களூரில் விமானப் பராமரிப்புப் பொறியாளர். இருபத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. மார்கழிக் கடைசியில் இரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தாள். விடுப்பில் வந்தும் அப்பாவின் விமானத்தைத்தான் பராமரிக்க வேண்டியிருந்தது.

அந்த விமானம் பிறந்ததற்குக் காரணம் ஒரு ரயில். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் தென்பெண்ணை மணலுக்குத் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும். போன வருஷம் பக்கத்து ஊர் முருகன் ரயில் எஞ்சினில் வந்துவிட்டார். எஞ்சின் புகை விட்டது, கூவியது. இந்த ஊர் எல்லையம்மன் வழக்கம்போலப் பூப்பல்லக்கில் வந்தாள். மணலில் நின்ற ஜனம் மொத்தமும் எஞ்சின் பக்கம் ஓடியது. அம்மன் முன்னால் மிஞ்சியவர்கள் பூசாரியும் ஒரு பலூன் வியாபாரியும்தான். அந்த வியாபாரியும் கடலைப் பொரி தின்றுகொண்டு எஞ்சினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று விழாக் குழுத் தலைவர் சாமிநாதன் ஊர்க் கூட்டத்தில் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

"அவன் தரையில வந்தான்னா நாம வானத்துல போவணும்" என்றார் சாமிநாதன். எல்லோரும் பலராமனைப் பார்த்தார்கள்.

பலராமனை ஏன் பார்த்தார்கள் என்றால், அந்த வட்டாரத்தில் எந்த இரும்பு எந்த வடிவத்துக்கு வளைய வேண்டும் என்றாலும் அவரைத்தான் பார்ப்பார்கள். அவரிடம் மூன்று விசேஷங்கள் உண்டு. முதலாவது, அவர் செய்த கேட்டுகள் எல்லாம் தெருப்பக்கம்தான் திறக்கும். ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. கேட்டால், "வர்றவன் ஒரு அடி பின்னால போயி நிக்கணும். அப்பத்தான் எதுக்கு வந்தோம்னு யோசிப்பான்" என்பார். அரியூரில் மருத்துவக் கல்லூரிக்கு எதிரே ஜூஸ் கடை வைத்திருக்கும் மச்சான் கலைச்செல்வனுக்கும் அப்படித்தான் ஒரு கம்பிக் கதவு செய்து கொடுத்தார். முதல் வாரத்திலேயே அது நான்கு வாடிக்கையாளர்களின் மூக்கில் இடித்தது. கலைச்செல்வன் இரண்டு வருஷம் அக்கா வீட்டுக்கு வரவில்லை.

இரண்டாவது விசேஷம், அளவைக் காகிதத்தில் எழுத மாட்டார். சாக்கட்டியால் எழுதுவார். எது பக்கத்தில் இருக்கிறதோ அதன் மேல். சுவர், டயர், கல்லாப் பெட்டி, வாடிக்கையாளரின் மோட்டார் சைக்கிள் சீட்டு. ஒரு முறை சன்னல் கம்பியின் நீளத்தைச் சாமிநாதன் வீட்டுக் கறுப்பு எருமையின் விலாவில் எழுதிவிட்டார். மாடு மேயப் போய்விட்டது. அளவு சாயங்காலம்தான் திரும்பி வந்தது.

மூன்றாவது விசேஷம், விமானத்துக்கு ஸ்டியரிங் எங்கே இருக்கிறது என்ற கேள்வி. லாஸ்பேட்டை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் வீட்டுக்கு வேலி அடிக்கப் போனபோது பலராமன் தலைக்கு மேலே ஒரு விமானம் திரும்பியது. அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவரைவிட்டுப் போகவில்லை. மகள் விமானப் படிப்பில் சேர்ந்ததே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

"ஸ்டியரிங் இல்லப்பா" என்று அவள் முதல் வருஷமே போனில் சொன்னாள். "றெக்கையோட பின் ஓரத்துல ரெண்டு பக்கமும் சின்னக் கதவு மாதிரி இருக்கும். இடது பக்கம் திரும்பணும்னா இடது கதவு மேல போவும், வலது கதவு கீழ எறங்கும். கீழ எறங்குன பக்கம் காத்து அதிகமாத் தூக்கும். வலது றெக்கை எழும்பும், ப்ளேன் இடது பக்கம் சாயும்."

"சாஞ்சா?"

"அதுவரைக்கும் நேரா மேல தூக்கிக்கினு இருந்த காத்து இப்ப சாஞ்சி தூக்கும். அதுல ஒரு பங்கு பக்கவாட்டுல இழுக்கும். அந்த இழுப்புலதான் ப்ளேன் திரும்புது."

"அப்ப மேல தூக்கறது கொறைஞ்சி போவுமே. கீழ எறங்கிடாது?"

அவளுடைய வகுப்பில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.

"எறங்கும். அதனால வால்ல இருக்கிற கதவ மேல தூக்கி மூக்க லேசா நிமுத்துவாங்க."

"வால்ல நட்டுக்குனு ஒரு மட்டை நிக்குதே, படகுச் சுக்கான் மாதிரி. அதுதான் திருப்புதுன்னு நெனச்சேன்."

"அது திருப்பாதுப்பா. எழும்புற றெக்கைக்குக் காத்துத் தடையும் அதிகம், அதனால மூக்கு எதிர்ப்பக்கம் முறுக்கிக்கும். அந்த முறுக்கலச் சரி பண்ணத்தான் அது."

பிறகு பலராமன் சொன்னார்: "இது நம்ம டிவிஎஸ்தான். பின்னால கம்பி கட்டிக்கினு வளைவுல போவும்போது நான் ஹேண்டில் பாரையா திருப்பறேன்? சாயறேன், அது போவுது. இத்தினி வருஷமா நான் ப்ளேன்தான் ஓட்டிக்கினு இருந்திருக்கேன்."

ஆகவே, ஊர் விமானம் கேட்டபோது அவர் வெறும் பொம்மையாகச் செய்ய மாட்டேன் என்றுவிட்டார். திரும்பும்போது சாய வேண்டும். பழைய கரும்பு ஆலையின் உருளைத் தண்டு ஒன்றைப் பேரிங்கோடு டிரெய்லரில் பொருத்தி, அதன் மேல் விமானத்தை ஏற்றினார். பின்னால் ஒரு தடி. இடப்பக்கம் இழுத்தால் விமானம் இடப்பக்கம் சாயும். சைக்கிள் பிரேக் ஒயர் இழுத்து இடது கதவு மேலே போகும், வலது கதவு கீழே இறங்கும். சாய்ந்த நிலையில் நிறுத்த ஒரு முளை. முதலில் கதவுகளை மாற்றிப் பொருத்தியிருந்தார். மகள் வீடியோவில் பார்த்துத் தப்பு என்றாள். மறுபேச்சில்லாமல் பிரித்து மாட்டினார். பலராமன் செய்ததை அவரே பிரித்தது வாழ்நாளில் அது ஒன்றுதான்.

சாய்வு எவ்வளவு என்பதில்தான் சண்டை.

"முப்பது டிகிரி" என்றார் அவர்.

"எதுக்குப்பா முப்பது?" புவனேஸ்வரி தேநீர் பிசுபிசுத்த கையோடு போனில் கணக்குப் போட்டாள். "டிராக்டர் மணிக்கி அஞ்சி கிலோமீட்டர். வளைவு ஆறு மீட்டர். ரெண்டு டிகிரி கூட வரல. ரெண்டு சாஞ்சா போதும்."

"முப்பது."

"காரணம் சொல்லு."

"அம்மன் ப்ளேன்ல போறா. ரெண்டு டிகிரி சாயறதுக்குக் கோயில் மாடு போதுமே."

காரணம் அவ்வளவுதான். கடைசியில் அவள் விட்டுக்கொடுத்தாள். "அப்ப பீடத்த ஊஞ்சல் மாதிரி தொங்கவிடு. நிஜ ப்ளேன்ல தொங்கறதும் கூடவே சாயும். இந்த வேகத்துக்குத் தொங்கறது நேராத்தான் நிக்கும். அம்மன் சாயாது, தேத்தண்ணியும் கொட்டாது." பலராமன் தலையாட்டிவிட்டு, அவள் தோளில் மாட்டியிருந்த கறுப்புப் பையில் எழுதினார்: ஊஞ்சல், செயின் 4. மறுநாள் காலை அவள் பெங்களூர் பஸ் ஏறினாள். பையைத் தட்டாமல் மடியில் வைத்துக்கொண்டது ஏன் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை விமானத்தைக் கோயில் கொட்டகையில் ஒப்படைத்தார். திங்கட்கிழமை இறந்துபோனார்.

பட்டறையில் முக்காலியில் உட்கார்ந்தபடி, மகள் வாங்கிக் கொடுத்த வெல்டிங் ஹெல்மெட்டை முகத்தில் இறக்கிவிட்டபடி. அரை மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் இரண்டு பேர் வந்து கேட்டுக்கு அளவு சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களில் ஒருவர், "உள்ள தொறக்கிற மாதிரி செய்யுங்க பலராமண்ணே" என்று கேட்டுக்கொண்டதாகவும், அவர் மறுப்புச் சொல்லாததால் சம்மதம் என்று நினைத்ததாகவும் சாவு வீட்டில் வந்து சொன்னார்.

"கண்ணு கெட்டுப்பூடும், போட்டுக்கய்யான்னா இத்தினி வருஷம் கேக்கல. கடைசியில போட்டாரு, கழட்டல" என்றாள் புவனேஸ்வரியின் அம்மா ஜெயா.

எடுக்கும்போது பாடையை வெளியே கொண்டுவர முடியவில்லை. இறுதி ஊர்தியை வாசலை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். கேட்டு தெருப்பக்கம்தான் திறக்கும். வண்டியைப் பின்னால் எடுத்தார்கள். பறைக்காரர்கள் பின்னால் போனார்கள். மாலை வைத்திருந்தவர்கள் பின்னால் போனார்கள். ஊரே ஓர் அடி பின்னால் நகர்ந்து, எதற்கு வந்தோம் என்று யோசித்தபடி நின்றது. புவனேஸ்வரிக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. பெண்கள் அவள் அழுகிறாள் என்று நினைத்துக் கட்டிக்கொண்டார்கள். அதன் பிறகு அவளுக்கு அழுகை வரவே இல்லை. எங்கோ ஒரு முளை மாட்டிக்கொண்டதுபோல இருந்தது.

தை மூன்றாம் நாள் சனிக்கிழமை, விமானத்தை வெறுமனே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். டிராக்டர் ஓட்டியவன் பாக்யராஜ். கோயிலில் இருந்து நேராக வந்து, தையலம்மாள் வீட்டு மூலையில் இடப்பக்கம் திரும்பினால்தான் ஆற்றுப் பாதை. வேறு வழி சுடுகாட்டை ஒட்டிப் போகிறது. அம்மன் அதில் போக மாட்டாள். மூலையில் இடது கைப்பக்கம் தையலம்மாள் வீட்டுச் சன்னல் மேலே வெயில் மறைக்கும் சிமெண்ட் சன்ஷேடு நீட்டிக்கொண்டிருந்தது. வலது கைப்பக்கம் எதிர்வீட்டு மாடிப்படிச் சுவர். இரண்டுக்கும் நடுவே பதினோரு அடி. இறக்கை பதினான்கு அடி.

இடது இறக்கை சன்ஷேடில் போய் இடித்தது.

"ஏய், வூடு!" என்று தையலம்மாள் மாடியிலிருந்து கத்தினாள். "இன்னாடா, ஆத்துக்குப் போறீங்களா என் வூட்டுக்குள்ள வர்றீங்களா?"

சாமிநாதன் இறங்கிப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். ஊரையே அளந்து வைத்திருக்கும் பலராமன் தெருவை அளக்க மறந்துவிட்டாரே என்று வருத்தப்பட்டார். பிறகு முடிவு சொன்னார்: "றெக்கைய ரெண்டு பக்கமும் அறுத்துடலாம்."

"அறுத்தா அது ப்ளேனா?" என்றான் பாக்யராஜ். "கேஸ் சிலிண்டர் மாதிரி இருக்கும்ணே."

"எல்லாத்துக்கும் சேலை சுத்தி மறைச்சிடலாம்."

அறுப்பதற்குக் கிரைண்டர் வேண்டும். ஊரில் இருக்கிற ஒரே கிரைண்டர் பலராமன் பட்டறையில். பட்டறை தீட்டு, ஆகவே கிரைண்டரும் தீட்டு. பாகூரிலிருந்து வேறு கிரைண்டர் கொண்டுவர ஆள் போயிருக்கிறது என்ற செய்தி புவனேஸ்வரிக்கு நடுப்பகலில் வந்தது.

அவள் எழுந்து மூலைக்குப் போனாள். தெருவில் நடக்கத் தீட்டு இல்லை. அப்பாவின் மேல் அவளுக்குக் கோபம். பதினோரு தம்ளர் கொட்டிப் பார்த்த மனுஷன் ஒரு சந்தை அளக்கவில்லை. இறக்கையை அறுக்க விடக் கூடாது, அது மட்டும் அவளுக்குத் தெளிவாக இருந்தது. எப்படி என்று தெரியவில்லை. சன்ஷேடின் அடியில் போய் நின்று அண்ணாந்தாள்.

சன்ஷேடின் அடிப்பக்கம் சாக்கட்டியில் எழுதியிருந்தது: 9 அடி.

திரும்பினாள். எதிர்வீட்டு மாடிப்படிச் சுவரில், கைக்கெட்டும் உயரத்தில்: மேல 11 அடி. நடுவுல 11. அதற்குக் கீழே ஒரு கோடு, அதன் மேல் சாய்வாக இன்னொரு கோடு, நடுவில் வட்டம் போட்டு: 30. அதற்கும் கீழே, பேசுகிற மாதிரியே: சாஞ்சா பூடும்.

தரையிலிருந்து இறக்கை ஒன்பதரை அடி. ஒரு பக்கம் ஏழு அடி. முப்பது டிகிரி சாய்ந்தால் இடது முனை ஆறடிக்கு இறங்கும், சன்ஷேடுக்கு அடியில் நுழையும். வலது முனை பதின்மூன்று அடிக்கு ஏறும், சுவருக்கு மேலே போகும். இரண்டு டிகிரியில் இடிக்கும். பத்தில் இடிக்கும். அவள் மனதிலேயே மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் அப்பாதான் சரி.

காரணம் சொல்லு என்று கேட்டாளே, அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சண்டை முடிந்து அவள் சீக்கிரம் தூங்கப் போயிருப்பாள். அவருக்கு அது பிடித்திருக்காது.

கோயிலுக்கு எதிரே, தீட்டுக்காரி நிற்க வேண்டிய தூரத்தில் நின்று அவள் சாமிநாதனைக் கூப்பிட்டாள்.

"அறுக்க வேணாம் சாமிநாதன் மாமா. மூலையில சாய்க்கணும். அதுக்குத்தான் அப்பா தடி வெச்சிருக்காரு."

"அம்மன் சாயக் கூடாதும்மா" என்றார் பூசாரி உள்ளே இருந்து. "தலை சாஞ்சா ஊருக்கு ஆவாது."

"அம்மன் சாயாது. ஊஞ்சல். வெச்சிப் பாருங்க."

அம்மனை வைத்துச் சோதனை செய்ய முடியாது. அம்மனின் எடை கொண்ட ஓர் அரிசி மூட்டையை ஊஞ்சல் பீடத்தில் ஏற்றினார்கள். மூட்டைக்கு முன்னால் செம்பு நிறைய மஞ்சள் தண்ணீர். யாரோ பழக்கத்தில் மூட்டைக்குப் பூ வைத்துவிட்டார்கள். பாக்யராஜ் தடியை இழுத்தான். விமானம் முப்பது டிகிரி சாய்ந்தது. மூட்டை நேராக நின்றது. செம்பில் ஒரு சொட்டு சிந்தவில்லை. இரண்டு பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தெருவின் இந்தப் பக்கம் நின்ற புவனேஸ்வரி தன் வலது கையைப் பார்த்தாள். உலர்ந்த கைதான்.

"செரி, சாயட்டும்" என்றார் சாமிநாதன். "அந்த மூலையில ஒரு தடவ ஓட்டிப் பாத்துடலாமா?"

"வாகனம் வெறுமையா ரெண்டாந்தடவ தெருவுல போவக் கூடாது" என்றார் பூசாரி. "இனிமே அம்மனோடதான்."

அப்படியானால் ஒரே வாய்ப்பு. தடி இழுக்கப் பழகிய ஆள் வேண்டும். பலராமனுக்கு உதவியாக இருந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் பங்காளிகள். ஆறு பேருக்கும் பதினாறாம் நாள் வரை தீட்டு.

"புள்ளைக்குக் கல்யாணம் ஆயிருந்தா மூணு நாளு தீட்டோட போயிருக்கும்" என்றார் சாமிநாதன் ஏக்கத்தோடு. "இதுவே ஏறி இழுத்துடும்."

"தைதான பொறந்துடிச்சி. நாளைக்கே ஒரு தாலி கட்டிட்டா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

பூசாரி அதை உண்மையாகவே யோசித்தார். "கட்டலாம். ஆனா சாவு வூட்ல தாலி கட்ட தீட்டு போவணும்."

"தீட்டு போவத்தான் தாலி."

"தாலி கட்டத்தான் தீட்டு போவணும்ன்றன்."

இந்த வழக்கு கால் மணி நேரம் ஓடியது. மாப்பிள்ளை யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் ஜெயாதான் தீர்த்துவைத்தாள், வீட்டு வாசலில் நின்று ஒரே வார்த்தையில்: "கலைச்செல்வன்."

கலைச்செல்வன் தாய்மாமன். மச்சானுக்குத் தீட்டு மூன்று நாளோடு முடிந்தது. அவனுக்கு உயரம் என்றால் பயம். ஜூஸ் கடையில் மேல் தட்டில் இருக்கும் அன்னாசிப் பழத்தைக்கூட வாடிக்கையாளரையே எடுத்துக்கொள்ளச் சொல்வான்.

"அக்கா, என்னால ஆவாது. அந்தாளு செஞ்ச கதவே ஊரு மூக்க ஒடைச்சிது. ப்ளேன் வேற செஞ்சிக்கிறாரு."

"ரெண்டு வருஷம் பேசாம இருந்த இல்ல? இப்பப் போயி தடியப் புடி" என்றாள் ஜெயா.

அவன் மறுநாள் கொட்டகையில் பத்துத் தடவை இழுத்துப் பழகினான், பத்துத் தடவையும் கண்ணை மூடிக்கொண்டு.

கண்ணை மூடிக்கொண்டு இழுப்பவனுக்கு எப்போது இழுப்பது என்று யாராவது சொல்ல வேண்டும். மூலைக்கு நேர் எதிரே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கரும்பு வெட்டின கொல்லையில் ஒரு மோட்டார் கொட்டகை இருந்தது. வாய்க்காலைத் தாண்டினால் ஊர்க் கணக்கில் வராது, அங்கே தீட்டுக்காரி நிற்கலாம் என்று பூசாரி தீர்ப்புச் சொன்னார். புவனேஸ்வரி அந்தக் கொட்டகையின் மேல் நின்று போனில் சொல்வாள். கலைச்செல்வன் காதில் மாட்டிக்கொண்டு கேட்பான்.

"முப்பதுன்றது தடியில எங்கம்மா வரும்?"

"முளை விழற எடம். 'டக்'குனு கேக்கும் மாமா. அதுவரைக்கும் இழு."

"கேக்கலன்னா?"

"கேக்கும். அப்பா செஞ்சது."

தை ஐந்து காலை. எல்லையம்மன் ஊஞ்சலில் ஏறினாள். மாலை, வேப்பிலை, காலடியில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு. இடது இறக்கை முனையில் பேட்டரியில் எரியும் ஒரு சிவப்பு பல்பு. விமானம் கோயிலிலிருந்து கிளம்பியது. புவனேஸ்வரி கொட்டகைக் கூரையில் ஏறி நின்றாள். நூறு அடி தூரத்தில், பம்பையும் உடுக்கையும் வெடியும் சேர்ந்து வந்தன.

"மாமா, கேக்குதா?"

"இன்னா?"

"கேக்குதா மாமா?"

"இன்னா சொல்ற?"

ஆயிரம்வாலா ஒன்றைக் கொளுத்தினார்கள். கலைச்செல்வன் போனைக் காதிலிருந்து பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து அவளைப் பார்த்தான். விமானம் மூலைக்கு முப்பதடி தூரத்தில் இருந்தது.

அவளும் இரண்டு கைகளையும் விரித்தாள். இறக்கைபோல. பிறகு இடப்பக்கம் சாய்ந்தாள்.

கலைச்செல்வன் எதிரே நிற்பவளைப் பார்த்து, கண்ணாடியைப் பார்ப்பவன்போல, அவள் எந்தப் பக்கம் சரிகிறாளோ அந்தப் பக்கம் இழுத்தான். அவளுடைய இடது அவனுக்கு வலது. விமானம் வலப்பக்கம் சாயத் தொடங்கியது. இடது இறக்கை எழும்பி, தையலம்மாள் மாடியை நோக்கி ஏறியது.

"வூடு! வூடு!"

அவள் வலப்பக்கம் சாய்ந்து காட்டினால் அவன் சரியாக இழுப்பான். ஆனால் இவ்வளவு தூரம் பயந்தவன் நடுவில் மாற்றினால் குழம்புவான், இரண்டு பக்கமும் ஆட்டுவான். அவளுக்கு வேறு வழி தோன்றவில்லை. திரும்பி நின்றாள். எல்லையம்மனுக்கு முதுகைக் காட்டி, கைகளை விரித்து, மறுபடி இடப்பக்கம் சாய்ந்தாள். இப்போது அவளுடைய இடதும் அவனுடைய இடதும் ஒன்று.

"சாமிக்கு முதுகக் காட்றாடா!" என்று யாரோ கத்தியது கேட்டது.

அவள் முன்னால் வெட்டின கரும்புக் கட்டைகள், நான்கு கொக்கு, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. முப்பது டிகிரி எவ்வளவு என்று அவள் உடம்புக்குத் தெரிந்தது. பதினோரு தடவை பார்த்த சாய்வு. வலது கை வானத்தைப் பார்த்து. இடது கை கூரைத் தகரத்தைத் தொடுகிற மாதிரி. பின்னால் டிராக்டர் உறுமியது. நூறு அடிக்கு அப்பாலிருந்து, அவ்வளவு சத்தத்தில் கேட்கவே முடியாத அந்த 'டக்' தனக்குக் கேட்டதாக அவள் நினைத்தாள். தகரம் எதன் மேலோ உரசிற்று. பம்பை நின்றது. எல்லாம் நின்றது.

பிறகு பெண்கள் குலவையிட்டார்கள்.

அவள் நிமிரவில்லை. போய்விட்டதா, வால் தப்பியதா என்று தெரியாது. திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. அப்படியே சாய்ந்து நின்றாள். அப்போதுதான் அழுகை வந்தது. கைகளை விரித்திருந்ததால் துடைக்க முடியவில்லை. கண்ணீர் சாய்வாக, இடது கன்னத்துப் பக்கமாகவே ஓடியது. பம்பைச் சத்தம் இடப்பக்கம் திரும்பி, தேய்ந்து, ஆற்றை நோக்கிப் போனது. கொக்குகள் பறந்தன. அவையும் சாய்ந்துதான் திரும்பின.

பிற்பகல் கலைச்செல்வன் ஆற்று மணலிலிருந்து கூப்பிட்டான். குரலில் விமானி ஆகிவிட்ட தெம்பு.

"புவனா! ரெண்டு விரக்கடை பெயிண்ட் போச்சி, அவ்ளோதான். செம்புல ஒரு சொட்டு சிந்தல. ரயில் எஞ்சினப் பாக்க நாயி கூட இல்ல. அத்தினி ஜனமும் இங்க. ப்ளேன் அப்பிடியே சாஞ்சி நிக்குது, அம்மன் நேரா குந்திக்கினு இருக்கா, பாக்கணுமே!"

"இன்னும் சாஞ்சி நிக்குதா?"

"ஆமா."

"மூலை தாண்டுனதும் நிமுத்தலியா மாமா?"

"நீ நிமிரலியே! அதான் நானும் நிமுத்தல. ரெண்டு கிலோமீட்டரும் சாஞ்சேதான் வந்தோம். எதுருல ஒரு பஸ்ஸு கூட ஒதுங்கி நின்னுச்சி."

புவனேஸ்வரி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஒண்ணு மட்டும் எல்லாரும் கேக்கறாங்கம்மா. எடது றெக்கை கீழ இருக்குது, செவப்பு பல்பு எரியுது. வலது றெக்கை அந்தாண்ட ஒசரத்துல நிக்குது, அதும் முனையில வெறும் ஹோல்டர். அங்க இன்னா வரணும்னு கேக்கறாங்க. நான் இன்னா சொல்ல?"

"பச்சை" என்றாள் புவனேஸ்வரி. "இடது செவப்பு, வலது பச்சை."

போனை வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனாள். தீட்டு என்று எட்டு நாளாக இறக்கியே வைத்திருந்த ஷட்டரைத் தூக்கி, உள்ளே போய், மறுபடி இறக்கினாள். வேலைப் பட்டியலை அப்பா ஷட்டரின் உட்பக்கம்தான் எழுதுவார். மூடினால்தான் படிக்க முடியும். முடிந்ததை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்திருந்தார். பேரிங், அடித்தது. பிரேக் ஒயர், அடித்தது. ஊஞ்சல் செயின் 4, அடித்தது. செவப்பு பல்பு, இடது, அடித்தது.

கடைசி வரியை அடிக்கவில்லை.

பச்சை பல்பு, வலது. பாகூர் கடையில செவ்வாக்கெழம வருமாம். போயி வாங்கணும்.